ஈரக்குலை

பயம் வந்தால் ஈரக்குலை நடுங்குகிறது என்று சொல்கிறோம். நெஞ்சு இருக்கிறது, தலை இருக்கிறது, முழங்கால் இருக்கிறது. பயத்துக்குக் குடியிருக்க ஈரல்தானா கிடைத்தது என்று நான் யோசித்ததே இல்லை. என் அண்ணி வீட்டில் அந்தக் கூத்து நடந்த பிறகுதான் யோசித்தேன்.

அண்ணிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. அறுவைக்கு வேண்டிய கத்தி, கத்தரி, இடுக்கிகளை நீராவி இயந்திரத்தில் வைத்துக் கிருமி நீக்கும் அறையில் இருக்கிறார். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு டேப் ஒட்டியிருக்கும். ஆவி சரியாக ஏறியிருந்தால் அதில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுந்த பொட்டலத்தையும் இன்னொரு முறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவார். அங்கே அவருக்கு 'ஆவி அக்கா' என்று பெயர். தன் நிழலுக்கே பயப்படுகிற ஒருத்திக்கு ஆவி என்று பெயர் வைத்தவர்கள் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும்.

கதவைப் பூட்டிவிட்டு நாலடி போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்துவிட்டு, அணைந்த அடுப்பையே முறைத்துக்கொண்டு நிற்பார். பிறந்த குழந்தையை மடியில் கொடுத்தால், கை நடுங்குகிறது என்று அடுத்தவர் மடிக்குத் தள்ளிவிடுவார். பின்னறை ஜன்னல் வழியாக ஒரு குவளை தண்ணீரைக் கொட்டுவதென்றால்கூட, முதலில் தலையை நீட்டிக் கீழே ஆள் இருக்கிறதா, பூனை படுத்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கீழே இருப்பது ஆளே நுழையாத ஒரு சந்து. அங்கே எந்த மகாராஜா வந்து நனையப் போகிறார் என்று நான் கேலி செய்வேன். அண்ணி சிரித்துக்கொண்டே மறுபடியும் எட்டிப் பார்ப்பார்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயந்தவர்கள்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள். என் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருப்பதால் அவர்கள் பயம் எனக்குத் தொற்றுவதில்லை. அண்ணிக்கும் ஒரு முறை கற்றுக்கொடுக்கப் பார்த்தேன். சாவியைத் திருகுவதற்கு முன் கண்ணாடிகளைச் சரிசெய்வதிலேயே அன்றைய பாடம் முடிந்துவிட்டது.

அண்ணன் இதற்கு நேர் எதிர். ப்ளம்பர். நாலு மாடி உயரத்தில் குழாயைக் கட்டிக்கொண்டு தொங்குவான், கீழே பார்க்கவே மாட்டான். ஊரில் யார் வீட்டுக் குழாய் அழுதாலும் ஓடிப்போய்க் கண்ணீர் துடைப்பான். ஆனால் அவன் வீட்டுப் பின்சுவரில், அதே பின்னறை ஜன்னலுக்குக் கீழே, மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் ஜாயின்ட் ஒன்று வருஷக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். அண்ணி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். அந்தச் சத்தம் கடிகாரச் சத்தம்போல ஆகிப்போனது. யார் காதிலும் விழுவதில்லை.

வம்பை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவன்தான். ஒரு கல்லூரியில், செடி வளர்க்கும் கண்ணாடி அறைக்குக் குழாய் மாற்றப் போயிருந்தான். அங்கே செடிகளைப் பற்றிப் பாடம் எடுக்கும் டீச்சர் ஒருவர், மண்ணில் ஓயாமல் பூஞ்சணம் வருகிறதே என்று புலம்பியிருக்கிறார். அண்ணனுக்கு வாய் சும்மா இருக்குமா? என் வீட்டுக்காரிக்கு வேலையே கிருமியைக் கொல்வதுதான், அவளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று ஏற்றுக்கொண்டு வந்துவிட்டான். ஆஸ்பத்திரி இயந்திரத்தில் மண்ணை வைப்பதா? அந்த நினைப்புக்கே அண்ணிக்கு வேர்த்தது. வீட்டிலேயே ஒரு பழைய குக்கரை ஒதுக்கி, மணலைத் துணியில் முடிந்து வேகவைத்துக் கொடுத்தார். விசில் சத்தம் கேட்டு நான் பசியோடு போய் மூடியைத் திறந்து ஏமாந்தது தனிக்கதை.

மணலைக் கொடுக்கப் போய், வாங்க வர என்று இரண்டு பேரும் சிநேகமாகிவிட்டார்கள். ஒருநாள் டீச்சர் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியைத் துணியால் மூடி மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். நானும் அன்று அங்கே இருந்தேன், அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். ஈரல்பாசி என்று அறிமுகம் செய்தார். என்னவோ என்று எட்டிப் பார்த்தால் சப்பென்று போய்விட்டது. பச்சைத் தோல் வாரைத் துண்டு துண்டாக நறுக்கி மணலில் ஒட்டியதுபோல இருந்தது. வேர் இல்லை, பூ இல்லை. ஒவ்வொரு துண்டும் நுனியில் இரண்டாகப் பிரிந்து ஈரல் மடல்போல மடிந்திருந்தது. மேலே மட்டும் குட்டிக் குட்டிக் கிண்ணங்கள், அவற்றுக்குள் கடுகைவிடச் சின்னதாகப் பச்சைப் பொடி. கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் பொடி தெறிக்குமாம். தெறித்த இடத்தில் ஈரமும் நிழலும் இருந்தால் அங்கே புதிதாக முளைக்குமாம்.

ஈரச் சுவர்களில் இதேபோல ஏராளமாகக் கிடக்கிறதே என்று கேட்டேன். அது வேறு, இது வேறு என்றார் டீச்சர். இதற்கு அடிப்பக்கம் கத்தரிக்காய் நிறம். கசக்கினால் அப்போதுதான் சீவிய பென்சில் வாசனை வரும். ஒரு மலைப்பாதை ஓரத்தில், தண்ணீர் கசியும் ஒரே ஒரு பாறையில்தான் இதைப் பார்த்திருக்கிறார்கள். சாலையை அகலப்படுத்த அந்தப் பாறையை உடைத்தபோது இவர் சில துண்டுகளை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். எல்லாவற்றையும் ஒரே அறையில் வைத்தால் ஒரே நோயில் போய்விடும் என்று, ஒரு பங்கைத் தன் அக்கா வீட்டில் வைத்துவிட்டு இன்னொரு பங்கை இங்கே கொண்டுவந்திருந்தார்.

அண்ணி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். தனக்குப் பயமாக இருக்கிறது, தைரியமான யாரிடமாவது கொடுங்கள் என்றார்.

"தைரியமானவங்க மறந்துடுவாங்கம்மா," என்றார் டீச்சர். "நீங்க மறக்க மாட்டீங்க."

அது உண்மைதான். பின்னறை ஜன்னலோரம் தொட்டி குடியேறியது. அண்ணி அந்த அறைக்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொண்டார். மழைநீரைப் பிடித்து வடிகட்டி, புகைபோலத் தெளிப்பார். தொட்டிக்கு அடியில் தட்டில் தேங்கிய தண்ணீரை எடுத்து, ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே கொட்டுவார். நாங்கள் எல்லாரும் அதைப் பாசி என்போம். ஈரல்பாசி என்ற முழுப்பெயர் டீச்சர் கூடத்தில் அன்று ஒருநாள் சொன்னதோடு சரி. அண்ணியும் டீச்சரும் போனில் பேசும்போது மட்டும் சுருக்கமாக ஈரல், ஈரல் என்றே பேசிக்கொள்வார்கள். பின்னால் நடந்ததெல்லாம் இந்தச் சுருக்கத்தால் வந்ததுதான்.

முதலில் டீச்சரின் அக்கா வீட்டில் இருந்தது செத்தது. அக்கா பாசமாகத் தண்ணீர் ஊற்றி அழுக வைத்துவிட்டார். பிறகு கல்லூரிக் கண்ணாடி அறைக்குள் மறுபடியும் பூஞ்சணம் புகுந்தது. துண்டுகளின் ஓரத்தில் கறுப்பு விழுந்து, அது உள்ளே ஏறி, கிண்ணங்கள் காய்ந்து, எல்லாம் கூழாகிவிட்டது. டீச்சர் போன் செய்தார். அறையை அடியோடு கழுவிக் காயவைத்துப் புது மணல் போடும்வரை எதையும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது என்றார். அதுவரை உலகத்திலேயே தனக்குத் தெரிந்து அந்தப் பாசி இருப்பது அண்ணியின் வீட்டில் மட்டும்தான் என்றார்.

குழந்தையை மடியில் வாங்கவே கை நடுங்கும் ஆளிடம் போய் இதைச் சொன்னால் என்ன ஆகும்? அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கைகூடக் கழுவாமல்—இல்லை, கை கழுவாமல் போகமாட்டார், இரண்டு முறை கழுவிவிட்டு—பின்னறைக்குள் போய்விடுவார். தாடை எலும்பு தெரிய ஆரம்பித்தது. அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் வெடித்தான். இந்தப் பாசி உன்னைத் தின்றுதான் வளர்கிறது, இன்னொரு நாள் நீ சாப்பிடாமல் எழுந்தால் தொட்டியைத் தூக்கி டீச்சர் வீட்டு வாசலில் வைத்துவிடுவேன் என்றான். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அன்றிலிருந்து அண்ணி தன் பயத்தையெல்லாம் அவனிடமிருந்து மறைக்கத் தொடங்கினார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் தொட்டியில் ஒரு துண்டின் ஓரத்தில் கறுப்பு வந்தது. வேலையில் கறுப்புக் கோட்டைப் பார்த்தால்தான் அண்ணிக்கு மூச்சு வரும். இங்கே கறுப்பைப் பார்த்ததும் மூச்சு நின்றுவிட்டது.

அன்று அண்ணன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினான். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அண்ணி டீச்சரிடம் தாழ்ந்த குரலில் போனில் பேசிக்கொண்டிருந்தார். யாரிடம் என்று அண்ணனுக்குத் தெரியாது. அவன் காதில் முதலில் விழுந்தது இது:

"ஈரல் ஓரமெல்லாம் கறுத்துட்டு வருது. பரவுற மாதிரிதான் தெரியுது. கெட்டுப்போன பாகத்தை வெட்டி எடுத்துட்டா மிச்சம் பொழைக்குமா? அவருக்கு இன்னும் தெரியாது. சொன்னா தாங்க மாட்டார்."

நாலு மாடி உயரத்தில் கீழே பார்க்காத என் அண்ணன், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் தெருவுக்கு வந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் வேலை செய்பவள், அங்கே இருக்கும் டாக்டர் ஒருவரிடம் ரகசியமாகப் பேசுகிறாள் என்று முடிவுகட்டிவிட்டான். சாப்பாடு இறங்காதது, தாடை எலும்பு தெரிவது எல்லாம் அதில் கச்சிதமாகப் பொருந்தின. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவன் கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. அண்ணியின் கண், அண்ணியின் நகம், அண்ணி நின்ற சுவர். அந்தச் சுவருக்கு மஞ்சள் அடித்தவனே அவன்தான் என்பதுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் மறைப்பதைத் தான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தால் உடைந்துபோவாள் என்று அவனும் வாயைத் திறக்கவில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பயத்தை மடியில் கட்டிக்கொண்டு, சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தெரிந்த மருந்துக்கடைக்காரரிடம் போய், எனக்குத் தெரிந்த ஒருத்தருக்கு ஈரல் கெட்டுப்போச்சு, வீட்டில் என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறான். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்காது, வீடு காய்ந்து சுத்தமாக இருக்கட்டும், ஈரமும் பூஞ்சணமும் ஆகவே ஆகாது என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அண்ணனுக்கு அந்த இடத்திலேயே பின்னறைத் தொட்டி கண்ணில் வந்து நின்றிருக்கிறது.

எனக்கு எங்கோ ஒரு வீட்டு மாடியில் நின்றுகொண்டு போன் செய்தான். காற்றுச் சத்தத்துக்கு நடுவில், உன் அண்ணிக்கு ஈரல் போச்சு என்று ஒரே வரிதான் சொன்னான். பிறகு அழுதான். எங்கள் அப்பா போனபோதுகூட அவன் அழுது நான் பார்த்ததில்லை. அண்ணியை எத்தனை கேலி செய்திருப்பேன்! அத்தனையும் வரிசையாக வந்து என்னைப் பார்த்தன. மறுநாள் பாடங்களையெல்லாம் தள்ளிப்போட்டுவிட்டுக் கிளம்பினேன். காரை எடுக்கவில்லை, பஸ்ஸில் போனேன். இந்தப் பயத்துக்கு என் காலடியில் பிரேக் இல்லை.

வாசலிலேயே பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கைப் பிடித்தது. அண்ணி வேலைக்குப் போயிருந்தார். அண்ணன் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, கண் சிவந்து, பின்னறையில் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சுவர், ஜன்னல், அலமாரி எல்லாம் தேய்த்து முடித்திருந்தான். வருஷக்கணக்காக ஒழுகிய ஜாயின்ட்டைக்கூட அன்று காலையில் கழற்றி, புது டேப் சுற்றி, இறுக்கிவிட்டிருந்தான். ஜன்னலோரம் கண்ணாடித் தொட்டி காலியாகப் பளபளவென்று இருந்தது.

"பாசி எங்க?" என்று கேட்டேன்.

மூலையில் இருந்த பிளீச்சிங் தண்ணீர் வாளியைக் கையால் காட்டினான். அதுதான் அவளுக்கு நோயைக் கொடுத்தது என்றான். உள்ளே பார்த்தானாம், கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்ததாம். தினமும் அதன் மேல் குனிந்து அந்தக் காற்றைத்தானே அவள் குடித்தாள் என்றான். கை தவறி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், நீயும் அப்படியே சொல் என்றான். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. நான் பாசியைப் பற்றி நினைக்கும் நிலையில் இல்லை. டாக்டர் என்ன சொன்னார், எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. அண்ணி போனில் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் சொல் என்றேன்.

சொன்னான். கறுப்பு, பரவுவது, வெட்டி எடுப்பது எல்லாம் சொன்னான். சொல்லும்போதே குரல் உடைந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் வெளிய வரும்போது இன்னும் ஏதோ சொன்னா. கிண்ணமெல்லாம் காஞ்சுட்டே வருதுன்னா. அதுதான் எனக்குப் புரியல. ஈரல்ல கிண்ணம் இருக்குமா?" என்று கேட்டான்.

நான் வாளியைப் பார்த்தேன். டீச்சர் அன்று கூடத்தில் உட்கார்ந்து சொன்ன முழுப்பெயர் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

"அண்ணா, மனுஷ ஈரல்ல கிண்ணம் கிடையாது," என்றேன். "பாசியிலதான் இருக்கு."

அவனுக்குப் புரிய வைக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முதலில் அவன் முகத்தில் வந்தது சிரிப்பு. அவளுக்கு ஒன்றுமில்லையா, ஒன்றுமே இல்லையா என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான். அடுத்த நொடி வாளி ஞாபகம் வந்தது. பாய்ந்து போய்க் கையை உள்ளே விட்டான். வெளியே வந்தவை ஊறிய காகிதத்துண்டுகள்போல வெளுத்திருந்தன. குழாயில் கழுவினோம். மழைநீரில் போட்டோம். ஊதிக்கூடப் பார்த்தான். ஒன்றிலும் பச்சை திரும்பவில்லை. அதற்குப் பிறகு அண்ணி வரும்வரை நாங்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம்.

அண்ணி உள்ளே கால் வைத்ததும் நின்றார். அந்த வாசனை அவருக்குத் தினமும் பழகிய வாசனை. எங்கள் முகத்தைப் பார்த்தார். நேராகப் பின்னறைக்குப் போனார். காலித் தொட்டியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். அழவில்லை, கத்தவில்லை.

"எத்தனை கரண்டி போட்டீங்க?" என்று கேட்டார்.

டப்பா முழுவதும் என்றான் அண்ணன்.

"எப்ப?"

காலையில் என்றான். அண்ணி மெல்லத் தலையாட்டினார். எந்த அளவில், எத்தனை நேரத்தில், எது எது சாகும் என்பது அவர் தொழில். அவருக்கு வேறு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

நான்தான் நடந்ததைச் சொன்னேன். ஈரல், டாக்டர், மருந்துக்கடை, மஞ்சள் சுவர், எல்லாம். அண்ணி என்னைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நீ இல்லாமல் போய்விடுவாய் என்று நினைத்தேன் என்றான். அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான். அண்ணி அவன் பக்கத்தில் குனிந்து, பிளீச்சிங் பவுடரில் வெந்து சிவந்திருந்த அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க," என்றார். பிறகு, "உங்கள என்ன செய்யறதுன்னே எனக்குத் தெரியல," என்றார். கோபப்படவும் முடியாமல், சந்தோஷப்படவும் முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்போதுதான் அழுதார்.

அழுது முடித்து எழுந்தார். துக்கமானாலும் அவருக்கு அறை சுத்தமாக வேண்டும். வாளியைத் தூக்கினார். பழக்கதோஷம், ஜன்னலுக்குத்தான் போனார். வாளியைக் கட்டையின் மேல் வைத்துச் சாய்க்கப் போனவர், எப்போதும்போலத் தலையை நீட்டிக் கீழே ஆள் இருக்கிறதா என்று பார்த்தார். உலகத்தில் அந்தப் பாசி மிச்சமில்லை என்று தெரிந்த நேரத்திலும், ஆளில்லாத சந்தில் யாராவது நனைந்துவிடுவார்களோ என்று பார்த்தார்.

தலையை உள்ளே எடுக்கவில்லை. "சொட்டுற சத்தத்தக் காணோமே," என்றார்.

அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குழாயைச் சரிபண்ணிவிட்டேன் என்றான். அவ்வளவு நாள் திட்டு வாங்கிய விஷயம். அந்த நிலையிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அண்ணி ஜன்னலுக்கு வெளியே இன்னும் குனிந்து ஜாயின்ட்டைத் தேடினார். வாளியை உள்பக்கமாக, இரண்டு கையாலும், ஒரு துளி சிந்தாமல் கீழே இறக்கினார். என்னைக் கூப்பிட்டு விரலைக் காட்டினார்.

வெள்ளை டேப் சுற்றிய புது ஜாயின்ட்டுக்குக் கீழே, இத்தனை வருஷம் சொட்டிச் சொட்டி அரித்த செங்கல்லில், கட்டைவிரல் நகம் அளவுக்குப் பச்சையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனி இரண்டாகப் பிரிந்திருந்தது. தட்டுத் தண்ணீரை ஒவ்வொரு முறையும் அங்கேதானே கொட்டினார்! சந்தில் ஆளைத் தேடினாரே தவிர, மூக்குக்குக் கீழே இருந்த சுவரை அவர் பார்த்ததில்லை. அந்த வாளியைச் சாய்த்திருந்தால் பிளீச்சிங் தண்ணீர் நேராக அதன் மேல்தான் விழுந்திருக்கும். எனக்கு ஈரக்குலை நடுங்கியது.

ஆனால் செங்கல் காய்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஈரக்கறை ஒடுங்கி, பச்சையின் ஓரம் சுருள ஆரம்பித்திருந்தது.

"என்னங்க, குழாய ஒழுக விடுங்க," என்றார் அண்ணி.

அண்ணன் ரெஞ்ச்சை எடுத்துக்கொண்டு சந்துக்கு ஓடினான். நாங்கள் ஜன்னலில் நின்றோம். வாழ்நாளெல்லாம் கசிவை அடைத்த கை, ஒரு கசிவை உண்டாக்க நடுங்கியது. அதிகம் திறந்தால் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும், குறைந்தால் காய்ந்துவிடும். டேப்பைப் பிரித்தான், ஒரு இம்மி தளர்த்தினான், எங்களை நிமிர்ந்து பார்த்தான். முன்னால் எப்படிச் சொட்டியது என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வருஷக்கணக்காகக் கேட்ட சத்தம், ஒருவராவது காது கொடுத்துக் கேட்டிருந்தால்தானே? அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். வேகம் என்றார், இன்னும் வேகம் என்றார், இப்போது குறைந்துவிட்டது என்றார். அண்ணன் சட்டை முழுவதும் நனைந்து நின்றான். கடைசியில் அண்ணி கண்ணைத் திறந்து, இதுதான் என்றார்.

ஆனால் அது அந்தப் பாசிதானா, இல்லை எந்த ஈரச் சுவரிலும் கிடக்கும் சாதாரணப் பாசியா? அடியில் கத்தரிக்காய் நிறம் இருக்கிறதா என்று பெயர்த்துப் பார்க்க அண்ணிக்குத் துணிச்சல் இல்லை. தொடாதே, தொடாதே என்று அவரே அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் டீச்சர் வந்தார். வாளியைப் பற்றிக் கேட்டதும் ஒரு நிமிஷம் சந்துச் சுவரில் கை ஊன்றி நின்றார், யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இடுக்கியால் நுனியில் ஒரு எள்ளளவு கிள்ளினார். நிழலில் அடிப்பக்கம் கறுப்பா, கத்தரிக்காய் நிறமா என்று யாருக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதை விரலில் கசக்கி அண்ணியிடம் நீட்டினார். அண்ணிக்கு அழுது அழுது மூக்கு அடைத்திருந்தது. எனக்குப் பயத்தில் எந்த வாசனையும் தெரியவில்லை. அண்ணன் தள்ளி நின்றான், தன் மூச்சுக்காற்றுகூடப் பட வேண்டாம் என்று. டீச்சர்தான் விரலை அவன் பக்கம் கொண்டுபோனார்.

அவன் கண்ணை மூடி மோந்தான். இந்த வாசனை விஷயத்தை அவனிடம் யாரும் சொன்னதில்லை. அந்தத் தொட்டியை அவன் ஒருநாளும் மதித்துக் கேட்டதும் இல்லை.

"பள்ளிக்கூடம் ஞாபகம் வருது," என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பென்சில் சீவின மாதிரி," என்றான்.

அண்ணி சந்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அந்தச் செங்கல்லில் பச்சை உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருக்கிறது. ஒரு துண்டு சுத்தமான கண்ணாடி அறைக்குத் திரும்பிப் போய்விட்டது, ஒன்று பின்னறைத் தொட்டியில் இருக்கிறது. அண்ணியின் ஈரலையும் அண்ணன் விடவில்லை. அவரை இழுத்துக்கொண்டுபோய் இரத்தப் பரிசோதனை செய்து, நன்றாக இருக்கிறது என்று டாக்டர் வாயால் கேட்ட பிறகுதான் ஓய்ந்தான். அந்த வீட்டில் ஈரல் என்ற சொல்லுக்கே தடை. பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. ஆனால் அண்ணி இப்போது எதையும் மறைப்பதில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவனிடம்தான் முதலில் சொல்கிறார். அவனுக்கும் அந்தப் பயம் பாதி வந்துவிட்டது.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது அவனுக்கு ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். பின்சுவரில் குழாய் ஒழுகுகிறதாம், பாசி பிடித்து அசிங்கமாக இருக்கிறதாம், அதற்குள் ஆளை விட்டுத் தேய்த்து வைக்கட்டுமா என்று கேட்டார். அண்ணன் தட்டிலிருந்து எழுந்தே விட்டான்.

"வேண்டாங்க, யாரும் கைய வைக்காதீங்க," என்றான். "நான் வந்து பாக்குற வரைக்கும் அது அப்படியே ஒழுகட்டும்."